இரு இலக்க ஆண்டு: ஒரே கோப்பில் 28 என்பது 1928 ஆகவும், 30 என்பது 2030 ஆகவும் இருந்தால் என்ன செய்வது?

பென்னாகரம் நிரலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு கூட்டுறவு அமைப்பின் உறுப்பினர் பதிவேடும் கடன் பதிவேடும் பல ஆண்டுகளாக எக்செல் கோப்புகளில் கிடந்தன. அவற்றை ஒரு தரவுத்தளத்துக்கு மாற்றிக் கொடுக்கும் வேலையை இந்த ஆண்டு (2025) நான் ஏற்றுக்கொண்டேன். கோப்புகளைப் பல கைகள் தட்டியிருக்கின்றன. தேதிகள் ஏறக்குறைய எல்லாமே நாள், மாதம், இரு இலக்க ஆண்டு என்ற அமைப்பில்தான் உள்ளன.

மாற்றி முடித்த மறுவாரமே இரண்டு புகார்கள் வந்தன. முதலாவது ஒரு டிராக்டர் கடன். 15-03-2023 அன்று ஏழு ஆண்டுத் தவணையில் கொடுக்கப்பட்டது. கடைசித் தவணை நாள் 15-03-30 என்று பதிவாகியிருந்தது. நிரல் அதை 1930 என்று எடுத்துக்கொண்டு, அந்த விவசாயி தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கடன் பாக்கி வைத்திருப்பதாகத் தவணை தவறியோர் பட்டியலின் முதல் வரியில் அவர் பெயரை அச்சிட்டுவிட்டது. ஒரு தவணைகூடத் தவறாதவர் அவர். பயிர்க்கடன் கேட்டு வந்த அன்று கணினியில் பெயர் தடையாக நிற்கிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, மறுநாள் மஞ்சள் பையில் எல்லா ரசீதுகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். அவர் ஒவ்வொரு ரசீதாக மேசையில் வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்; அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டாவது புகார் இதற்கு நேர் எதிரானது. மூத்த உறுப்பினரான ஒரு பாட்டியின் பிறந்த நாள் 12-11-28. நிரல் அதை 2028 ஆக்கி, உறுப்பினருக்குப் பதினெட்டு வயது நிரம்பவில்லை என்று பங்குத்தொகையைத் திருப்பிக் கொடுக்க மறுத்துவிட்டது.

ஆக, ஒரே கோப்பில் 28 என்பது பழைய நூற்றாண்டுக்கும், 30 என்பது புதிய நூற்றாண்டுக்கும் போக வேண்டியிருக்கிறது. எந்த எண்ணில் கோடு போட்டுப் பிரித்தாலும் ஒருவருக்குத் தவறு நேர்கிறது. இதை முறையாகச் சரிசெய்த அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டுகிறேன்.

ராயக்கோட்டை மாணவன் எழுதியது:

அண்ணா, விண்டோஸ் கண்ட்ரோல் பேனலில் மண்டல அமைப்புக்குள் சென்றால், இரு இலக்க ஆண்டு எந்த ஆண்டுக்கும் எந்த ஆண்டுக்கும் இடைப்பட்டது என்று சொல்லும் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் 2029 என்று இருப்பதை 2049 என்று மாற்றிவிட்டால் டிராக்டர் கடன் சரியாகிவிடும் அல்லவா? பாட்டியின் தேதியை மட்டும் கையால் திருத்திவிடலாமே?

ஓசூர் தரவுத்தளம் எழுதியது:

தம்பி சொன்ன கட்டம் இருப்பது உண்மைதான். ஆனால் அது இனிமேல் தட்டப்போகும் தேதிகளுக்கு மட்டுமே உதவும். எக்செல் தேதியைத் தேதியாகச் சேமிப்பதில்லை; 1900 ஜனவரி 1ஐ ஒன்று என்று வைத்து எண்ணிய நாள் எண்ணிக்கையாகவே சேமிக்கிறது. 15-03-30 என்று தட்டி என்டர் விசையை அழுத்திய அந்த நொடியிலேயே நூற்றாண்டு முடிவாகிவிட்டது. கட்டத்துக்குள் 11032 என்ற எண் உட்கார்ந்துவிட்டது. 2030 என்று புரிந்திருந்தால் அங்கே 47557 இருந்திருக்கும். பிறகு அமைப்பை எப்படி மாற்றினாலும் அந்த 11032 மாறாது. தவிர, அந்த அமைப்பு கணினிக்குக் கணினி வேறுபடலாம். தலைமை அலுவலகத்தில் ஒரு பொருளும் கிளையில் வேறொரு பொருளும் தரும் தேதியை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

பென்னாகரம் நண்பர் கேட்டதற்கு வருகிறேன். கோடு எங்கே போடுவது என்பதில் மென்பொருள்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. எக்செல் வழக்கமாக 00 முதல் 29 வரை இந்த நூற்றாண்டு என்றும், 30 முதல் 99 வரை சென்ற நூற்றாண்டு என்றும் கொள்கிறது. எஸ்கியூஎல் சர்வர் 49 வரை இந்த நூற்றாண்டில் வைத்து, 50இலிருந்து 1950க்குப் போகிறது. பைத்தானும் யூனிக்ஸ் வழி வந்த பிற கருவிகளும் 68 வரை 2068 என்றும், 69ஐ 1969 என்றும் படிக்கின்றன. மைஎஸ்கியூஎல் 69 வரை 2069 என்றும், 70ஐ 1970 என்றும் படிக்கிறது. இதன் பொருளை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். 1960இல் பிறந்த ஒருவரின் தேதி எக்செலில் 60 என்று இருந்தால் சரியாகவே தெரியும்; அதையே எழுத்துக் கோப்பாக மாற்றி மைஎஸ்கியூஎல்லில் ஏற்றினால் அவர் 2060இல் பிறந்தவர் ஆகிவிடுவார். எந்தக் கருவியும் பிழை என்று சொல்லாது. இரண்டுமே தத்தம் விதிப்படி சரியாகத்தான் நடந்துகொள்கின்றன. தரவு ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும் இடத்தில்தான் ஒருவரின் வயது தொலைகிறது.

இவற்றைவிட எனக்கு அச்சம் தருவது ஜாவாவின் பழைய தேதி வடிவமைப்பான். அது நிரல் ஓடும் நாளிலிருந்து எண்பது ஆண்டு பின்னும் இருபது ஆண்டு முன்னும் உள்ள வெளியில் தேதியைப் பொருத்துகிறது. அதாவது கோடு தானாகவே நகர்ந்துகொண்டிருக்கிறது. இன்று 1946 என்று படிக்கப்படும் 46, இரண்டு ஆண்டு கழித்து அதே கோப்பை அதே நிரலில் ஓட்டும்போது 2046 ஆகிவிடும். சோதனையில் தேறிய நிரல் ஒரு எழுத்துகூட மாறாமல் பின்னொரு நாளில் தவறுவதை அப்படித்தான் ஒருமுறை நானே கண்டேன்.

எனவே கோப்பு முழுவதற்கும் ஒரே கோடு போடும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு புலத்துக்கும் (பிறந்த நாள், சேர்ந்த நாள் போன்ற ஒவ்வொரு வகை விவரத்துக்கும்) அதன் இயல்புக்கேற்ற வரம்பு வேண்டும். ஒரு புலத்தின் உண்மையான தேதிகள் அனைத்தும் நூறு ஆண்டுக்கு மேற்படாத ஒரு வெளிக்குள் அடங்கும் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடிந்தால், இரு இலக்கம் ஒரே ஒரு ஆண்டைத்தான் குறிக்க முடியும். அங்கே ஊகத்துக்கு இடமே இல்லை. அந்த வெளி நூறு ஆண்டைத் தாண்டிவிட்டால் எந்த நிரலாலும் விடை சொல்ல முடியாது. ஆவணத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பென்னாகரம் நிரலர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. நூறு ஆண்டு வெளி என்ற கருத்தைப் படித்ததும் எனக்குப் பாதி வழி திறந்துவிட்டது. இன்று பகல் முழுவதும் அதை வைத்துப் பார்த்ததில் தெரியவந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உறுப்பினராகச் சேர்ந்த நாளை எடுத்துக்கொண்டேன். அமைப்பு தொடங்கியதே 1970களில்தான். எனவே சேர்ந்த நாள் அதற்கு முன்பும் இருக்க முடியாது, இன்றைக்குப் பின்பும் இருக்க முடியாது. ஐம்பது ஆண்டு வெளிதான். எல்லாத் தேதிகளும் ஐயமின்றி விழுந்தன. அடுத்து, சேர்ந்த நாளை அளவுகோலாக வைத்துப் பிறந்த நாளைப் பார்த்தேன். இன்றைய நாளை வைத்து வயது பார்த்திருந்தால் இறந்துபோன பழைய உறுப்பினர்கள் விஷயத்தில் தவறியிருப்பேன். சேரும்போது பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும். 117 வயதைத் தாண்டியிருக்க முடியாது என்று வைத்தால் சரியாக நூறு ஆண்டு. பாட்டி 1928க்குத் திரும்பிவிட்டார். கடைசித் தவணை நாளைப் பொறுத்தவரை, கடன் கொடுத்த நாளோடு தவணைக் காலத்தைக் கூட்டினாலே விடை வந்துவிடுகிறது. பதிவான இரு இலக்கம் அதோடு பொருந்துகிறதா என்று மட்டும் சரிபார்த்தேன்.

ஆனால் இன்னொரு கொடுமையையும் கண்டேன். எழுத்தர் ஒருவர் கவனமாக 2030 என்று நான்கு இலக்கமாகவே தட்டியிருக்கிறார். கட்டத்துக்குள்ளே சரியான எண்தான் இருக்கிறது. ஆனால் அந்த நெடுவரிசையின் தோற்றம் இரு இலக்க ஆண்டாக அமைக்கப்பட்டிருந்தது. கோப்பை சிஎஸ்வி ஆக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்தபோது எக்செல் திரையில் தெரிவதைத்தான் எழுதியது. உள்ளே இருந்த நூற்றாண்டு வெளியே வரவே இல்லை. அந்த சிஎஸ்வியை மறுபடி திறந்தால் 1930. அவ்வளவு கவனமாகத் தட்டியவரைத்தான் அலுவலகத்தில் எல்லோரும் குறை சொல்லியிருக்கிறார்கள். நாளை போய் அவரிடம் அவர் மீது தவறில்லை என்று நேரில் சொல்லப்போகிறேன்.

இப்போது மீதமிருப்பது நியமனதாரர்களின் (உறுப்பினர் காலமானால் தொகையைப் பெற அவர் குறித்துவைத்த நாமினிகளின்) பிறந்த நாள் மட்டுமே. அங்கே ஐயா சொன்ன நூறு ஆண்டு எல்லை உடைந்துவிடுகிறது. ஓர் உறுப்பினர் தம் தாயாரையும் நியமித்திருக்கலாம், ஒரு வயதுப் பேத்தியையும் நியமித்திருக்கலாம். 24 என்பது 1924 ஆகவும் இருக்கலாம், 2024 ஆகவும் இருக்கலாம்.

அரூர் ஆசிரியை எழுதியது:

உறவுமுறை என்று ஒரு புலம் இருக்குமே, அதைப் பார்த்தீர்களா? பேத்தி என்று இருந்தால் 1924க்கு வாய்ப்பில்லை. மாமியார் என்று இருந்தால் 2024க்கு வாய்ப்பில்லை.

நான் கணினித் துறை சார்ந்தவள் அல்லள். அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளாகச் சேர்க்கைப் பதிவேடு எழுதி வருகிறேன். பிறந்த தேதியை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும் என்பது எங்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கப்படும் பாடம். எண்ணில் அவசரத்தில் 08 என்று எழுதிவிட்டாலும், பக்கத்தில் இரண்டாயிரத்து எட்டு என்று எழுத்தில் இருக்கும். அதைத் திருத்தவோ திரிக்கவோ முடியாது. உங்கள் நியமனதாரர்களில் பள்ளி சென்றவர்கள் இருந்தால் மாற்றுச் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதில் உங்களுக்கு வேண்டிய நூற்றாண்டு எழுத்திலேயே இருக்கும்.

பள்ளிக்குப் போகாத முதியோருக்கு இன்னொரு வழி உண்டு. பல வீடுகளில் பிறப்புக் குறிப்போ சாதகமோ பழைய நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். அதில் தமிழ் வருடத்தின் பெயரும் கிழமையும் இருக்கும். தமிழ் வருடப் பெயரும் ஒரு வகையில் உங்கள் இரு இலக்கத்தைப் போன்றதுதான். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வருகிறது. விபவ வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1928இல் தொடங்கியதா, 1988இல் தொடங்கியதா என்று சொல்ல முடியாது. ஆனால் விபவ என்ற பெயரும் 28 என்ற இலக்கமும் சேர்ந்து நின்றால் 1928 மட்டுமே பொருந்தும். 2028இல் தொடங்குவது கீலக வருடம். ஒன்று அறுபதில் சுழல்கிறது, மற்றொன்று நூறில் சுழல்கிறது. இரண்டும் சேர்ந்து பழைய இடத்துக்கு வர முந்நூறு ஆண்டு ஆகும். சித்திரை பிறக்கும் முன்பான மாதங்களுக்கு மட்டும் முந்திய வருடப் பெயர் வரும் என்பதை மறந்துவிடாதீர்கள்.

தர்மபுரி அருங்காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும்போதெல்லாம் நடுகற்களின் முன் நின்று இதையே சொல்வேன். அரசன் பெயரைச் சொல்லி, அவனுக்கு இத்தனையாவது யாண்டு என்று வெட்டும் வழக்கத்தில், கல் உடைந்து பெயர் போய்விட்டால் எண் மட்டும் மிஞ்சும். அந்த எண் எந்த நூற்றாண்டைச் சேர்ந்தது என்பதை எழுத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் கணிக்க வேண்டியிருக்கும்.

காவேரிப்பட்டணம் கணக்கர் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதைப் போல முகவரியிலும் ஒரு தடயம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் தர்மபுரியிலிருந்து பிரிந்தது 9-2-2004 அன்று. எனவே கிருஷ்ணகிரி மாவட்டம் என்று எழுதப்பட்ட எந்தப் பதிவும் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. அதேபோலத் தர்மபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 2-10-1965 அன்று. சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி தாலுகா என்று எழுதிய பிறப்புச் சான்றில் 35 என்று இருந்தால் அது 1935தான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

ஓசூர் தரவுத்தளம் எழுதியது:

கணக்கர் ஐயாவின் தடயம் மிக நல்லது. ஆனால் அது ஒரு திசையில்தான் செல்லுபடியாகும் என்பதைச் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன். கிருஷ்ணகிரி மாவட்டம் என்று இருந்தால் பதிவு 2004க்குப் பிந்தியது என்பது உறுதி. தர்மபுரி மாவட்டம் என்று இருப்பதாலேயே அது 2004க்கு முந்தியது என்று கொள்ள முடியாது. அச்சடித்து வைத்த பழைய படிவங்கள் தீரும் வரை பயன்படுத்தப்பட்டிருக்கலாம், பழக்கத்தில் பழைய பெயரையே எழுதியவர்களும் இருப்பார்கள். இன்னொன்று, இந்தத் தடயம் பதிவு எழுதப்பட்ட காலத்தைத்தான் காட்டும். 1930இல் பிறந்தவருக்கு 2010இல் எடுத்த நகலிலும் கிருஷ்ணகிரி மாவட்டம் என்றே இருக்கும்.

ராயக்கோட்டை மாணவன் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். நான் முதலில் சொன்னது அவசரம் என்று புரிகிறது. ஒரு கேள்வி. 11032க்கும் 47557க்கும் உள்ள வேறுபாடு 36525. தவறிய தேதிகள் எல்லாவற்றிலும் 36525ஐக் கூட்டினாலோ கழித்தாலோ ஒரே சூத்திரத்தில் முடிந்துவிடாதா?

ஓசூர் தரவுத்தளம் எழுதியது:

கணக்கு சரி தம்பி. 2000ஆம் ஆண்டு லீப் ஆண்டாக அமைந்ததால் 1930களுக்கும் 2030களுக்கும் இடையே எப்போதும் 36525 நாள்தான் வரும். ஆனால் எவை தவறியவை என்று முடிவு செய்வதுதான் வேலையே, கூட்டுவது அன்று. அந்த முடிவை எடுக்காமல் சூத்திரத்தை ஓட்டினால் சரியாக இருந்த தேதிகளும் கெட்டுவிடும்.

அந்த எண்ணில் உங்களுக்குப் பயன்படும் இன்னொரு செய்தி இருக்கிறது. 36525ஐ ஏழால் வகுத்தால் மீதி ஆறு. அதாவது நூறு ஆண்டு தள்ளினால் கிழமை ஒன்று பின்னே போகும். 15-03-2030 வெள்ளிக்கிழமை, 15-03-1930 சனிக்கிழமை. ஆசிரியை அம்மா சொன்ன பழைய நோட்டில் கிழமை எழுதியிருந்தால், வருடப் பெயர் அழிந்துபோயிருந்தாலும், அந்தக் கிழமையே நூற்றாண்டைச் சொல்லிவிடும்.

எதைச் செய்தாலும் கோப்பில் முதலில் இருந்த எழுத்தை அழிக்காதீர்கள். அது ஒரு நெடுவரிசையில் அப்படியே இருக்கட்டும். நான்கு இலக்கத் தேதி இன்னொன்றில் இருக்கட்டும். எந்த அடிப்படையில் முடிவு செய்தீர்கள் என்பது மூன்றாவதில் இருக்கட்டும். நாளை ஒருவர் வந்து இது தவறு என்று சொன்னால், எங்கே தவறியது என்று காட்ட உங்களிடம் ஏதாவது இருக்க வேண்டும் அல்லவா?

பாலக்கோடு பாதுகாப்பு எழுதியது:

இரு இலக்கம் முற்றிலும் கூடாது என்பது என் கருத்தல்ல. விதி எழுதி, அதற்கு முடிவும் குறித்தால் அதுவும் வேலை செய்யும். இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்களில் காலாவதி நாள் இரு இலக்க ஆண்டில்தான் இருக்கிறது. 00 முதல் 49 வரை 2000கள், 50 முதல் 99 வரை 1900கள் என்று தரநிலையிலேயே எழுதிவைத்து, 2050 முதல் நான்கு இலக்க வடிவத்துக்கு மாறியே ஆக வேண்டும் என்றும் அங்கேயே விதித்திருக்கிறார்கள். வங்கி அட்டையில் மாதமும் இரு இலக்க ஆண்டும் மட்டும் இருப்பதால் யாருக்கும் இடரில்லை. அட்டையின் ஆயுள் சில ஆண்டுகள்தான்.

ஆனால் தேதியை எண்ணாக எண்ணித் தொலைத்தால் என்ன ஆகும் என்பதை 2022 ஜனவரி 1 அன்று உலகம் பார்த்தது. மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் வழங்கியில், தீநிரல் தேடும் பகுதியின் பதிப்பு எண்ணை இரு இலக்க ஆண்டு, மாதம், நாள் என்று சேர்த்து ஒரே எண்ணாக அமைத்திருந்தார்கள். 2021 முடியும் வரை அந்த எண் 21இல் தொடங்கியது. 32 பிட் முழு எண் தாங்கக்கூடிய உச்சமான 2147483647க்குள் அடங்கியது. புத்தாண்டு பிறந்ததும் அது 2201010001 ஆயிற்று. அந்தப் பெட்டிக்குள் அடங்கவில்லை. நிறுவனங்களின் அஞ்சல்கள் வரிசையிலேயே தேங்கி நின்றன. ஆண்டை நான்கு இலக்கமாக, எண்ணாக அல்லாமல் தேதியாக வைத்திருந்தால் இது நிகழ்ந்திருக்காது.

பென்னாகரம் நண்பர் புதிய உள்ளீட்டுத் திரையில் என்ன வைத்திருக்கிறார் என்று அறிய விரும்புகிறேன். பழையதைத் திருத்திவிட்டு வாசலைத் திறந்தே வைத்திருந்தால் பயனில்லை.

பென்னாகரம் நிரலர் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருள வேண்டும்.

உள்ளீட்டுத் திரையில் காசோலையில் இருப்பதைப் போலவே எட்டுக் கட்டங்கள் வைத்துவிட்டேன். எட்டும் நிரம்பாமல் அடுத்த புலத்துக்குப் போக முடியாது. நிரம்பியதும் அந்தத் தேதியின் கிழமையும், பிறந்த நாளாக இருந்தால் நிறைந்த வயதும் பக்கத்தில் தமிழில் தோன்றும். தொடக்கத்தில் எழுத்தர்கள் நேரமாகிறது என்று முறையிட்டார்கள். இரண்டாம் நாள் ஒரு குழந்தைக்கு 101 வயது என்று திரையில் வந்ததைப் பார்த்து அவர்களே திருத்திக்கொண்ட பிறகு ஒன்றும் சொல்லவில்லை. எல்லா ஏற்றுமதிக் கோப்புகளிலும் ஆண்டு முதலில், நான்கு இலக்கத்தில், பிறகு மாதம், நாள் என்று வருகிறது. மூல எழுத்துக்கும் முடிவின் அடிப்படைக்கும் ஓசூர் ஐயா சொன்னபடி தனித்தனி நெடுவரிசைகள் இருக்கின்றன.

டிராக்டர் கடன் விவசாயியின் பெயரை நீக்கியதோடு, தவறு எங்களுடையது என்று கடிதமாகவும் கொடுக்கச் சொன்னேன், கொடுத்துவிட்டார்கள். அவருடைய பயிர்க்கடன் சென்ற வாரம் வரவாயிற்று.

நியமனதாரர்களில் உறவுமுறையை வைத்தே பெரும்பாலானவை தீர்ந்தன. பதினொரு பேர் மட்டும் மிஞ்சினார்கள். உறவு என்ற இடத்தில் உறவினர் என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன செய்வது? ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். ஆறு பேரிடம் ஆதார் இருந்தது. அதில் இருவருக்கு ஆண்டு மட்டுமே இருந்தது, எனக்கு வேண்டியதும் அதுதான். மூவருக்கு மாற்றுச் சான்றிதழ் கிடைத்தது. அம்மா சொன்னபடியே எழுத்தில் நூற்றாண்டு இருந்தது. ஒருவர் வீட்டில் நோட்டும் இருந்தது, சாதகமும் இருந்தது.

பங்குத்தொகை கேட்ட பாட்டியின் வீட்டுக்கும் போயிருந்தேன். 1928 என்பது கணக்கின்படி முன்பே உறுதியாகிவிட்டாலும் ஆவணமாக ஒன்றைச் சேர்க்க விரும்பினேன். அவருடைய மகன் பரணிலிருந்து ஒரு நோட்டை எடுத்து வந்தார். விபவ வருடம், ஐப்பசி மாதம், திங்கட்கிழமை என்று எழுதியிருந்தது. கைப்பேசியில் பார்த்தேன்: 12-11-1928 திங்கட்கிழமை, 12-11-2028 ஞாயிற்றுக்கிழமை. நோட்டைப் படம் எடுத்து அவர் பதிவோடு இணைத்துவிட்டேன்.

பதினோராவது நபர் இன்னும் தீரவில்லை. 19 என்று இருக்கிறது. உறவினர் என்று இருக்கிறது. நியமித்த உறுப்பினர் காலமாகிவிட்டார். அவருடைய மகன் ஓசூரில் வேலை பார்க்கிறார், மாதக் கடைசியில் ஊருக்கு வருவாராம். அதுவரை அந்த ஆண்டுக் கட்டத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.